தறி இருக்க ‘நெசவு இயந்திரம்’ எதற்கு?

‘பாரம்பரியக் கை நெசவு இயந்திரங்களைப் பாதுகாப்போம்.’ ஆவணப்படங்களின் தமிழ் வரிகளிலும் கண்காட்சிப் பலகைகளிலும் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. பாதுகாக்க வேண்டிய பொருளின் பெயர் தறி. கையால் நெய்தால் கைத்தறி. அந்தப் பெயரையே தொலைத்துவிட்டா பாதுகாப்பது?

தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட மரம் தறி. மாடு கட்டுவது கட்டுத்தறி. திருக்கன்றாப்பூர்ச் சிவனுக்கு நடுதறியப்பர் என்றே பெயர். முளைகளை நட்டு அவற்றில் பாவு நூலை, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகளை, இழுத்துக் கட்டி நெய்ததால் நெசவுக் கருவிக்கும் அந்தப் பெயர் வந்தது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

இயந்திரம் என்றாலும் கருவிதானே, அதில் என்ன தப்பு என்பார்கள். குழித்தறியைப் பாருங்கள். நெய்பவர் தரையோடு உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டு மிதியை அழுத்துகிறார். பாவில் பாதி இழைகள் மேலே ஏறுகின்றன, பாதி இறங்குகின்றன. நடுவில் நாடா என்ற நூல் தாங்கிய கட்டை ஓடி, குறுக்கே போகும் ஊடை இழையைப் போடுகிறது. சீப்புப் போன்ற அச்சை இழுத்து அந்த ஊடையை நெருக்குகிறார். அத்தனை விசையும் அவர் உடம்பிலிருந்து வருகிறது. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கொண்டுவந்த மாற்றத்தால் நாடாவைக் கையால் எறிவது போய், கயிற்றை இழுத்தால் ஓடும் என்றானது. அப்போதும் இழுத்தது கைதான். அங்கேயே எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல், இயந்திர விசையால் ஓடும் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். ‘கை’ என்ற முன்னொட்டுக்கே அதற்குப் பிறகுதான் தேவை வந்தது. அதுவரை தறி என்றால் கையால் ஓடுவதுதான்.

இந்த வேறுபாட்டில்தான் நெசவாளர் பிழைப்பே இருக்கிறது. இந்தியாவில் சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், விசைத்தறி தவிர்த்த எந்தத் தறியும் கைத்தறி என்று வரையறுக்கிறது. இரண்டையும் ‘நெசவு இயந்திரம்’ ஆக்கிவிட்டால் அந்த வரையறையை எப்படி எழுதுவது?

அப்புறம், பாவின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை நெய்பவர் இடுப்பிலும் கட்டி நெய்யும் முறை உலகில் பல இடங்களில் உண்டு. அதில் இருப்பது சில கோல்களும் ஒரு வாரும்தான். அதையும் இயந்திரம் என்று எழுதுகிறார்கள். இடுப்புத்தறி என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தறிக்காரரிடம் கேட்டாலே போதும், கேட்பதில்லை. அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து வைக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் ‘ஷட்டில்’ எனப்படும் நாடா ‘விண்கலம்’ ஆகிறது, ‘ரீட்’ எனப்படும் அச்சு ‘நாணல்’ ஆகிறது. பாவு, ஊடை, பாவிழைகளை ஏற்றி இறக்கும் விழுது, ஊடை நூல் சுற்றிய தார் எல்லாம் இன்றும் தறிக்குழிகளில் புழங்கும் சொற்கள். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.