மெரினாவில் ஒரு காற்றாலை நட்டால் என்ன?

மே மாதப் பிற்பகலில் சென்னைக்காரர்களின் கேள்வி ஒன்றுதான்: கடற்காற்று வந்துவிட்டதா? வெயிலில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கரைக்குள் நுழைகிறது. மெரினாவில் சுண்டல் வாங்கினால் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவ்வளவு காற்று சும்மா போகிறதே, இங்கேயே நாலு காற்றாலை நட்டால் என்ன?

கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் இறக்கைகளைக் கடக்கும் காற்று இரண்டு மடங்கு. அதில் ஒவ்வொரு கிலோவும் சுமந்துவரும் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. பெருக்கினால் எட்டு. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் இதமான காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட்தான் இருக்கிறது. பழைய டியூப் லைட் ஒன்றுக்கான அளவு. வேகம் 12 மீட்டரானால் 1,000 வாட்டைத் தாண்டும்.

அந்த 40 வாட்டும் முழுதாகக் கைக்கு வராது. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர்கள் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வழியில்லை. காற்றும் அப்படித்தான். ஆற்றல் முழுவதையும் பிடுங்கிக்கொண்டால் அது இறக்கைக்குப் பின்னாலேயே தேங்கி, அடுத்து வரும் காற்றைப் பக்கவாட்டில் விலகிப்போகச் செய்துவிடும். எப்பேர்ப்பட்ட காற்றாலையானாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலர் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டி நூறாண்டு தாண்டிவிட்டது.

ஊருக்குள் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டடங்களில் மோதிச் சுழலும் காற்று இறக்கைக்கு ஆகாது. மொட்டை மாடிக் காற்றாலை வாங்கும் எண்ணமிருந்தால், முதலில் அங்கே ஒரு வருடம் காற்றை அளந்து பாருங்கள் என்பேன். காற்றை அளப்பதையே தொழிலாகக் கொண்ட தேசிய காற்றாற்றல் நிறுவனம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது.

சரி, எங்கே நட வேண்டும்? ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டிருக்கும் கணவாய்கள் இவை. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுபோலத் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்குகளில் வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்திலுள்ள முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல நிற்பதற்குக் காரணம் அதுதான். அவற்றுக்கு நிலக்கரி வேண்டாம். எண்ணூரில் கொட்டுவதுபோல் சாம்பலும் மிஞ்சாது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரைதான் கொண்டாட்டம். அப்புறம் காற்று படுத்துவிட்டால் வேறு மின்சாரத்தைத் தேட வேண்டியதுதான்.

கம்பியில் கலந்தபிறகு எது காற்று மின்சாரம், எது நிலக்கரி மின்சாரம் என்று பிரிக்க முடியாது. ஓரிடத்தில் எத்தனை யூனிட் கம்பியில் ஏற்றினோம், வேறோரிடத்தில் எத்தனை யூனிட் எடுத்தோம் என்ற கணக்குதான். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சி. 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊருக்குள் அல்ல, காற்று நன்றாக வீசும் வேறோர் இடத்தில். தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றது.