ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு ஃபிளாட்வவுண்ட் கம்பியா? முதலில் அளந்து பாருங்கள்

ஆன்லைனில் ஃபிளாட்வவுண்ட் கம்பிக்கு, அதாவது தட்டை நாடா சுற்றிய பேஸ் கம்பிக்கு, ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, உங்கள் பேஸ் கித்தாரின் பிரிட்ஜில் கம்பியின் குண்டு முனை போய் உட்காரும் இடத்திலிருந்து நட் வரை (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை வரை) எவ்வளவு தூரம் என்று அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கி, மாட்டி, வெட்டி, வீணாக்கிய கம்பிகள் என் பட்டறைக்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்ட் செட்டைவிடப் பொதுவாக விலை கூடிய பொருள் இது. தோட்டத்து வீட்டுப் பிள்ளை சேர்த்து வைத்த காசில் வாங்கியது அப்படிக் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கித்தார் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கோயில் திருவிழாவுக்கும் கல்யாண விருந்துக்கும் வாசிக்கிற குழுக்கள், தேவாலயத்தில் வாசிக்கிற பிள்ளைகள், எண்பதுகளின் திரைப்பாடல் பேஸைக் காதால் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள். இப்போது சின்னப் பேஸ்தான் அதிகம் வருகிறது. தோளுக்குப் பாரமில்லை, கை குட்டையாக இருந்தாலும் முதல் ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) எட்டும், மோட்டார் சைக்கிளில் முதுகில் மாட்டிக்கொண்டு வரலாம். அப்புறம் யூடியூபில் யாரோ சொல்லியிருப்பார்கள், "இதற்கு ஃபிளாட் போட்டால் பழைய காலத்துச் சத்தம் வரும்" என்று. சொன்னது சரிதான். 1951இல் ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்த நாளிலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை பேஸ் என்றாலே ஃபிளாட்வவுண்ட்தான், ரவுண்ட்வவுண்ட் பரவியது 1966க்குப் பிறகு. மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது லா பெல்லா நிறுவனத்தின் ஃபிளாட், அதுவும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸின் ஸ்கேல், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் கம்பி அதிரும் நீளம், 30 அங்குலம், இதைத்தான் ஷார்ட் ஸ்கேல் என்கிறார்கள். சின்னப் பேஸும் ஃபிளாட்டும் சேர்ந்தால் என்ன சத்தம் வரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போன திருவிழாச் சமயத்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை அப்பாவோடு வந்தாள். "அண்ணே, ஈ கம்பி டியூனே நிக்க மாட்டேங்குது, புதுக் கம்பிண்ணே" என்றாள். ஈ என்பது நான்கில் மிகத் தடித்த கம்பி. ஹெட்ஸ்டாக்கில், அதாவது சுருதி முறுக்கும் டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதியில், விளக்கைப் பிடித்துப் பார்த்தால் காரணம் அங்கேயே தெரிந்தது. 34 அங்குல லாங் ஸ்கேல் பேஸுக்கான செட்டை வாங்கி, மீதியை வெட்டிவிட்டு மாட்டியிருக்கிறார்கள். கம்பியின் நுனியில் மெலிந்து வர வேண்டிய பகுதியும் நூல் சுற்றிய பகுதியும் வெட்டில் போய்விட்டன. முழுத் தடிமனுள்ள பகுதியே டியூனரின் கம்பத்தைச் சுற்றி வளைந்திருந்தது. அந்த வளைவில் வெளியே சுற்றியிருக்கும் தட்டை எஃகு நாடா ஒன்றுக்கொன்று விலகி, இடைவெளிகளில் உள்ளே இருக்கும் நடுக்கம்பி பளபளவென்று தெரிந்தது. நகத்தால் தொட்டால் நாடா அசைகிறது. நாடா ஒருமுறை தளர்ந்துவிட்டால் அந்தக் கம்பியைக் காப்பாற்ற வழியில்லை. சுருதி நிற்காது, சத்தம் மொத்தையாகிவிடும், ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தும் போகலாம். அப்பா எதுவும் பேசவில்லை, பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டில் 45, 65, 80, 100 என்று தடிமன் எல்லாம் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தது, நீளம் பற்றி அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியும் இல்லை.

ரவுண்ட்வவுண்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துப் போகும், ஃபிளாட் போகாது. எனவே முழுத் தடிமன் நட்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது போக வேண்டும், ஆனால் டியூனர் கம்பத்தைத் தொடும் முன் முடிந்துவிட வேண்டும். நட்டுக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் ஈ கம்பியின் டியூனர்தான், ஆகவே ஈ கம்பிக்குப் பொருந்தினால் மற்றவற்றுக்குக் கவலை குறைவு. முழுத் தடிமன் எத்தனை அங்குலம் வரை ஓடுகிறது என்பதைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் போடுகிறார்கள். நீங்கள் அளந்து வைத்த எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் ஸ்கேல் எதுவும் சொல்லாமல் "பேஸ் கம்பி 45-105" என்று மட்டும் இருந்தால் அது லாங் ஸ்கேல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டடாரியோ நிறுவனத்தின் குரோம்ஸ் ஃபிளாட் செட்டில் ஈசிபி81 என்றால் லாங், ஈசிபி81எம் என்றால் மீடியம், ஈசிபி81எஸ் என்றால் ஷார்ட். அந்தக் கடைசி எழுத்தை விற்கிறவர்களே கவனிப்பதில்லை, நீங்கள்தான் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஷார்ட் என்று எழுதியிருந்தால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். பழைய ஃபெண்டர் மஸ்டாங் பேஸில் கம்பி பிரிட்ஜின் பின்னால் மாட்டுவதில்லை, உடம்பின் அடிப்பக்கத்திலிருந்து மரத்துக்குள் ஏறி வருகிறது. ஸ்கேல் 30 அங்குலம்தான், ஆனாலும் குண்டு முனையிலிருந்து நட் வரை உள்ள தூரம் கூடிவிடுவதால் பல ஷார்ட் செட்டுகள் எட்டாது. நூல் சுற்றிய பகுதி நட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். இதற்கென்றே லா பெல்லா தனி மஸ்டாங் செட் போடுகிறது. ஹோஃப்னர் மாதிரி வயலின் பேஸிலும் கம்பி வாலிலிருந்து தொடங்குவதால் இதே கதைதான். இபானெஸ் மைக்ரோ பேஸில் தலைகீழ்ப் பிரச்சினை, ஸ்கேல் 28.6 அங்குலம் மட்டுமே என்பதால் சில ஷார்ட் செட்டுகளே நீளமாகி, முழுத் தடிமன் ஈ டியூனரைத் தொட்டுவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பது இந்த மைக்ரோ என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அளக்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது இழுவிசை. ஒரே கம்பி, ஒரே சுருதி, நீளம் மட்டும் குறைகிறது என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கப்படி குறையும். 34 அங்குலத்திலிருந்து 30க்கு வந்தால் ஏறக்குறைய 22 விழுக்காடு போய்விடுகிறது, 28.6க்கு வந்தால் 29 விழுக்காடு. சின்னப் பேஸில் ஈ கம்பி தொளதொளவென்று இருப்பதும், ஓங்கி வாசித்தால் ஃபிரெட்டில் அடித்துக் கரகரப்பதும் இதனால்தான். ஃபிளாட் இங்கே உண்மையிலேயே கைகொடுக்கிறது. உருண்டைக் கம்பி சுற்றினால் இடையில் பள்ளம் விழும், தட்டை நாடா அப்படியில்லாமல் நெருங்கி உட்காருவதால் அதே தடிமனுக்கு எடை கூடுதல், விறைப்பும் கூடுதல். 45-100 அல்லது 45-105 குரோம்ஸோ லா பெல்லாவோ 30 அங்குலப் பேஸில் விரலுக்குப் பிடிமானமாக இருக்கும். தோமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாட்ஸ் அருமையான கம்பி, ஆனால் லாங் ஸ்கேலிலேயே இழுவிசை குறைவானது. மெதுவாகத் தொட்டு வாசிக்கிறவருக்குத்தான் அதைச் சொல்வேன், உறுமி மேளத்தோடு போட்டி போட்டு வாசிக்கிற குழுவுக்குச் சொல்ல மாட்டேன்.

அதற்காக ஒரேயடியாகத் தடிமனை ஏற்றிவிடவும் வேண்டாம். ஷார்ட் ஸ்கேலில் 110 போன்ற தடித்த ஈ கம்பி கட்டை மாதிரி நடந்துகொள்ளும், மேல்சுரங்கள் எல்லாம் ஏறிப்போகும், திறந்த கம்பியில் சரியாக இருக்கிற சுருதி 12ஆம் ஃபிரெட்டில் கூடிவிடும். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைக் கடைசி வரை பின்னால் தள்ளியும் சரியாகாமல் என்னிடம் கொண்டுவருவார்கள். அது சேடிலின் குற்றமில்லை. கறுப்பு நைலான் நாடா சுற்றிய கம்பியையும் சிலர் ஃபிளாட் என்று நினைத்து வாங்குகிறார்கள், அது வேறு வகை, பொதுவாகத் தடிமன் அதிகம், நட்டின் பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதலில் மடக்க வேண்டும், அப்புறம்தான் வெட்ட வேண்டும். கம்பத்தைத் தாண்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, வெட்டப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்குத்தாக மடக்குங்கள். அந்த மடிப்புதான் நாடாவை நடுக்கம்பியோடு பூட்டுகிறது. மடக்காமல் வெட்டினால், குறிப்பாக நடுக்கம்பி உருண்டையாக உள்ள செட்டுகளில், நாடா உள்ளே சுழன்று தளர்ந்துவிடும், அதை வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. ஹோஃப்னர் வகையில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, எனவே நான்கையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு நாள் விட்டுக் கழுத்தைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டை) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம், இறுகி நின்றால் பலம் கொடுக்கவும் வேண்டாம், என்னைப்போல் யாரிடமாவது கொண்டு போங்கள். டியூன் செய்யும்போது நட்டிலிருந்து "டிக்" என்று சத்தம் கேட்டால் பள்ளம் இறுக்கமாக இருக்கிறது. அதை அரத்தால் தேய்ப்பது பழகிய கைக்கு நிமிட வேலை, பழகாத கைக்கு நட்டே போய்விடும்.

புது ஃபிளாட் முதல் சில வாரம் கொஞ்சம் கூர்மையாகக் கத்தும், அதைக் கேட்டுவிட்டுக் கழற்றி விற்கப் போய்விடாதீர்கள். டோன் குமிழைக் குறைத்து வைத்து வாசித்துக்கொண்டே வாருங்கள், தானாக அடங்கும். நம் ஊர் வெக்கையில் வியர்வைதான் எதிரி. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் அடியோடு துடையுங்கள். வழவழப்பான மேற்பரப்பு என்பதால் அழுக்கு ஒதுங்க இடமில்லை, துடைத்து வந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஃபிரெட் தேய்வதும் குறையும். பாக்கெட்டை எறிவதற்கு முன் அதன் எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து, நீங்கள் அளந்த தூரத்தையும் அதோடு எழுதி வையுங்கள். ஈப்போ கடைகளில் ஷார்ட் ஸ்கேல் ஃபிளாட் எப்போதும் இருப்பில் இருக்காது, ஆர்டர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், அப்போது கடைக்காரர் முதலில் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.