ஏழு வருஷ விறகு: எசேக்கியேல் 39-ஐ வைத்து நாள் குறிப்பவர்களுக்கு

மேற்காசியாவில் குண்டு விழுந்தால் போதும், சபை வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். கோகு (எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லும், இஸ்ரவேல்மேல் படையெடுத்து வருகிறவன்) என்றால் ரஷ்யா, ஏழு வருஷம் எரிகிற ஆயுதம் என்றால் அணு எரிபொருள், ஆகவே உலக முடிவு இந்த வருஷம்தான் என்று ஒரு கணக்கு. ஆராதனை முடிந்ததும் போனை நீட்டி "பாஸ்டர், இது நிஜமா?" என்று கேட்கிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. வேதபாடம் எடுக்கிறவனாக நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எசேக்கியேல் 38, 39 அதிகாரங்கள் இரண்டையும் சேர்த்து வாசித்தீர்களா?

வாசித்தால் முதலில் கண்ணில் படுவது, இஸ்ரவேலர் இந்தப் போரில் சண்டையே போடவில்லை என்பது. கோகு வருவது மதிலும் கதவும் இல்லாத கிராமங்கள்மேல் (38:11). அவன் படை தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொள்கிறது, கல்மழையும் அக்கினியும் வானத்திலிருந்து விழுகின்றன. ஜனங்கள் வெளியே வருவது எல்லாம் முடிந்த பிறகுதான், வந்து கேடகம், வில், அம்பு, ஈட்டி எல்லாவற்றையும் பொறுக்கி ஏழு வருஷம் அடுப்பெரிக்கிறார்கள், காட்டில் ஒரு மரம்கூட வெட்டவில்லை. அவர்கள் கொள்ளையிடுவதும் அங்கே எழுதியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயுதத்தை மட்டும் யாரும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு விசித்திரம் என்று யோசியுங்கள். ஜெயித்தவன் தோற்றவனுடைய தளவாடத்தைத் தன் படையில் சேர்ப்பதுதான் வழக்கம். சமாரியாவின் இரதங்களை அப்படிச் சேர்த்துக்கொண்டதாக அசீரிய ராஜா சர்கோனின் கல்வெட்டே பெருமையடிக்கிறது. எசேக்கியேலோ தேசத்தை இழந்து பாபிலோனில் கேபார் நதியோரம் சிறையிருப்பில் இருந்தவர், கேட்டவர்களும் அதே கதியில் இருந்தவர்கள். "உங்களுக்கும் ஒரு படை வரும்" என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவர் சொன்னது விறகைப் பற்றி.

பழைய சரித்திரத்திலும் இந்த இழுபறி உண்டு. மேரோம் தண்ணீரண்டை ஜெயித்த யோசுவா, கட்டளைப்படி குதிரைகளின் கால் நரம்பை அறுத்து இரதங்களைச் சுட்டெரித்தார் (யோசுவா 11:9). தாவீது அதே மாதிரி செய்தார், ஆனால் 100 இரதங்களுக்கு வேண்டிய குதிரைகளை வைத்துக்கொண்டார் (2 சாமுவேல் 8:4). மகன் சாலொமோன் காலத்தில் அது 1,400 இரதம், 12,000 குதிரைவீரர். ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது என்று உபாகமம் 17 சொல்லியும்!

அப்புறம் ஏசாயா 9. ஆயுதங்களும் இரத்தத்தில் புரண்ட உடுப்பும் எரிவது 5-ஆம் வசனம், நாம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்" அதற்கு அடுத்த வசனம். இரண்டையும் பிரித்து வாசித்தே பழகிவிட்டோம்.

அணு எரிபொருள் விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஏழு வருஷம் எரிப்பது, ஏழு மாதம் புதைப்பது எல்லாம் முழுமையைச் சொல்லும் எண்களாகவே எனக்குப் படுகிறது. எழுத்தின்படியே நடக்கும் என்று நம்பும் சகோதரர்களும் இருக்கிறார்கள், சரி, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதை வைத்து நாள் குறிப்பதும், எங்கேயோ ஜனங்கள் சாகும்போது இங்கே அல்லேலூயா போடுவதும்தான் ஆபத்து.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். மீகா 5:10-இல் கர்த்தர் அழிப்பது எதிரியின் இரதங்களை அல்ல, "உன் குதிரைகளை, உன் இரதங்களை". சகரியா 9:10-உம் அப்படித்தான், எருசலேமின் குதிரைகளே அற்றுப்போகின்றன. வீடியோ அனுப்புகிறவர்கள் இந்த வசனங்களுக்கு யாரை அடையாளம் காட்டுவார்கள்?