லாக் ஒன்று, சேருமிடம் பல: பைத்தானில் எங்கே தவறுகிறது?

நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் லாக் செய்திகள் திரையிலும் தெரிய வேண்டும், கோப்பிலும் சேர வேண்டும், பெரிய பிழை என்றால் மின்னஞ்சலும் வர வேண்டும். பைத்தானுடன் 2.3 பதிப்பிலிருந்தே வரும் லாகிங் மாட்யூல் இதற்காகவே உள்ளது. செய்தியைப் பெறும் லாகர் ஒன்றுக்கு, அதைச் சேருமிடத்துக்கு அனுப்பும் ஹேண்ட்லர் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் அமைப்பில் பிழை இருந்தால் நிரல் நிற்காது, செய்திகள்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

அடிக்கடி கேட்கும் புகார்: கோப்பு ஹேண்ட்லருக்கு டீபக் நிலை (முக்கியத்துவ வரிசையில் மிகக் கீழானது) கொடுத்தும் கோப்பில் ஒன்றும் இல்லை. செய்தி முதலில் லாகரின் நிலையைத் தாண்ட வேண்டும், பிறகுதான் ஹேண்ட்லரின் நிலை. எல்லா லாகர்களுக்கும் மேலே உள்ள ரூட் லாகரின் இயல்புநிலை வார்னிங், அதாவது 30. எனவே 10 மதிப்புள்ள டீபக்கும் 20 மதிப்புள்ள இன்ஃபோவும் ஹேண்ட்லரை எட்டுவதே இல்லை. ரூட்டை டீபக்கில் வையுங்கள். திரைக்கு இன்ஃபோ, கோப்புக்கு டீபக், மின்னஞ்சலுக்கு எரர் என்று ஹேண்ட்லர்களில் பிரியுங்கள். பிற லைப்ரரிகளின் டீபக் வரிகளும் கோப்பில் கொட்டும். அவற்றின் லாகர்களை மட்டும் பெயர் சொல்லி வார்னிங்குக்கு உயர்த்திவிடலாம்.

ஒரே வரி இரண்டு முறை வந்தால், பெரும்பாலும் மாட்யூலின் லாகரிலும் ரூட்டிலும் ஹேண்ட்லர் இருக்கிறது என்று பொருள். செய்தி மாட்யூலின் லாகரிலிருந்து மேலே ரூட்டுக்கு ஏறும்போது மேல் லாகரின் நிலை பார்க்கப்படாது, அதன் ஹேண்ட்லர்களின் நிலை மட்டுமே பார்க்கப்படும். பலர் உடனே, செய்தியை மேலே அனுப்பும் ப்ராபகேட் அமைப்பை அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம்; சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் லாக் செய்திகளைப் பிடிக்கும் கேப்லாக் ரூட்டில்தான் காத்திருக்கிறது, அதற்குச் செய்தி போகாது. ஹேண்ட்லர்களை நிரலின் தொடக்கத்தில், ரூட்டில் மட்டும், ஒரே முறை சேர்ப்பதே சரி.

கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றை மறைக்கும் ஃபில்டரில் மிகுந்த கவனம் தேவை. ரூட் லாகரில் மாட்டிய ஃபில்டர், கீழ் லாகர்களிலிருந்து ஏறிவரும் செய்திகளைப் பார்ப்பதே இல்லை. ரகசியம் அப்படியே கோப்பில் விழும். ஆகவே ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் மாட்டுங்கள். எல்லா ஹேண்ட்லர்களுக்கும் போவது ஒரே ரெக்கார்ட் (செய்தியைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) என்பதால், ஒன்றில் செய்த மாற்றம் அடுத்தவற்றிலும் தெரியும். ஒரு ஹேண்ட்லருக்கு மட்டும் மாற்றம் வேண்டுமானால், பைத்தான் 3.12 முதல் ஃபில்டர் மாற்றிய நகலைத் திருப்பித் தரலாம்.

கோப்பு நிரம்பியதும் புதியதைத் தொடங்கும் சுழலும் கோப்பு ஹேண்ட்லரில் அதிகபட்ச அளவு, பழைய கோப்புகளின் எண்ணிக்கை இரண்டுமே பூஜ்யமாக இருக்கக் கூடாது. ஒன்று பூஜ்யமானாலும் சுழற்சி நடக்காது, கோப்பு வட்டு நிரம்பும்வரை வளரும். 10 எம்பி, 5 பழைய கோப்புகள் என்றால் மொத்தம் சுமார் 60 எம்பி. பல ப்ராசஸ்கள் ஒரே கோப்பைச் சுழற்றினால் வரிகள் தொலையும். எல்லாவற்றையும், செய்திகளை வரிசையில் இடும் க்யூ ஹேண்ட்லர் வழியாக, அவற்றை எடுத்து ஹேண்ட்லர்களுக்குத் தரும் ஒரே க்யூ லிசனருக்கு அனுப்புங்கள். லிசனர் இயல்பாக ஹேண்ட்லர் நிலைகளை மதிக்காது. அதற்கான ரெஸ்பெக்ட் ஹேண்ட்லர் லெவல் அமைப்பை ஆன் செய்யாவிட்டால் டீபக் வரிகளும் மின்னஞ்சலில் வந்து குவியும்.

தமிழ் எழுத்துகளை லாக் செய்பவர்கள் கோப்பு ஹேண்ட்லரில் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். விண்டோஸில் இதை விட்டால் குறியாக்கப் பிழை எழுந்து அந்த வரி கோப்பில் சேராமலே போகலாம். அமைத்து முடித்ததும் டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிகல் என்ற ஐந்து நிலைகளிலும் ஒவ்வொரு தமிழ் வரி அனுப்பி, ஒவ்வொரு வெளியீட்டிலும் எது வந்தது, எது வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.