“தூங்கறாருன்னு நெனச்சேனுங்க டாக்டர்”

இந்தப் புரட்டாசியில் இந்த வாக்கியத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். முதல் இரண்டு தடவை பொறுமையாக விளக்கினேன். மூன்றாவது தடவை ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, எங்கள் தொழில் மேல். சுகர் மாத்திரையை விடாதீங்க, ஒரு வேளைகூட விடாதீங்க என்று வருஷக்கணக்காகச் சொல்லி அனுப்புகிறோம். எந்த வேளைக்கு, எந்த மாத்திரையைப் போடக்கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்?

கோபிசெட்டிபாளையத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். கீழே வரும் வீட்டின் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் படிக்கிறவர்களில் பாதிப்பேர் 'இது நம்ம வீடுதானே' என்று நினைக்கப் போகிறார்கள். நினைக்கட்டும்.

வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு, எட்டுத் தென்னை. ஐயா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. அம்மா பால்வாடியில் டீச்சராக இருந்தவர். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். சனி, ஞாயிறு என்றால் இவர்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. பேப்பர் கொஞ்சம் தடிமனாக வரும், ஞாயிறு பதினோரு மணிக்கு மகன் வீடியோவில் வருவான், அவ்வளவுதான்.

அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. ஐயா ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடுதான். வெள்ளென எழுந்து குளித்து, ஒரு கடுங்காப்பி, அதோடு வழக்கமான சுகர் மாத்திரை. விடக்கூடாது அல்லவா! பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய், துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு பத்தரைக்குத் திரும்பினார். தளிகை போட்டுக் கும்பிட்டுச் சாப்பிட எப்படியும் ஒரு மணி ஆகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மண்வெட்டியை எடுத்துத் தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டினார். பன்னிரண்டு மணிக்கு உள்ளே வந்தவர், “இன்னும் என்ன பண்ணிட்டிருக்கே?” என்று ஒரு கத்துக் கத்தினாராம். நாற்பத்தாறு வருஷத்தில் சாப்பாட்டுக்காக அவர் சத்தம் போட்டதே இல்லை. அம்மா இதை என்னிடம் மூன்று முறை சொன்னார். பசிக் கோபம் என்று விட்டுவிட்டார். ஐயா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது ஏதோ குழறலாக முனகினார். பாவம், பாத்தி கட்டிய அசதி, சித்த நேரம் தூங்கட்டும் என்று அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். தலைக்கு ஒரு தலையணை வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். எல்லாம் அன்பு.

மூன்றரைக்கு எழுப்பப் போனால் முதுகுப் பக்கம் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு மூச்சு. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து வாயைத் திறந்து சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார், பாதி காதோரம் வழிந்திருக்கிறது. (நல்ல காலம், மீதிப் பாதி நுரையீரலுக்குப் போகவில்லை. இதைப் பற்றிப் பிறகு திட்டுகிறேன்.) என்னிடம் வரும்போது மணி நாலரை. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சுகர் 28.

குளுக்கோஸ் ஊசி நரம்பில் ஏறி முடிவதற்குள் கண்ணைத் திறந்தார். “ஏன்டி, தளிகை என்னாச்சு? இங்கே எதுக்கு வந்தோம்?” என்றார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கே மந்திரவாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வரும், மறைப்பானேன். ஆனால் எல்லா ஊசிக்கும் கண் திறப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி சுகர் இறங்கி, ஞாயிறு விடிந்தபிறகு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சுகர் சரியானது. உயிர் தங்கியது. மனைவியின் பெயர் மட்டும் கடைசி வரை வரவில்லை.

என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். சுகர் என்றால் ஏறுவதுதான் ஆபத்து, இறங்கினால் நல்லது என்ற நம்பிக்கை. ஓ.பி.யில் ரிப்போர்ட்டை நீட்டும்போதே முகத்தில் பெருமை. “எழுபத்தெட்டுதானுங்க, நல்லா கொறஞ்சிருச்சு.” பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 160 என்றால் குற்றவாளி மாதிரி தலையைக் குனிகிறார். எழுபது வயதில், மாத்திரையோடு, இந்த இரண்டு பேரில் யாரைப் பற்றி எனக்குக் கவலை தெரியுமா? அந்த எழுபத்தெட்டுக்காரரைப் பற்றித்தான். பரீட்சை மார்க்கைத் திருப்பிப் போட்ட மாதிரி, குறைந்தால் முதல் ரேங்க் என்று யார் சொல்லிக் கொடுத்தது? 70-க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் அவசரம். ஏறுகிற சர்க்கரை பெரும்பாலும் வருஷக்கணக்கில் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். கெட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. இறங்குகிற சர்க்கரைக்கு ஒரு மத்தியானம் போதும். ஏறுகிறதைப் பற்றி நாளைக்குப் பேசலாம். இறங்கினதை இப்போதே பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வயதாகி, சிறுநீரகமோ இதயமோ தளர்ந்து, ஏழெட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூணு மாச சுகர் (ரிப்போர்ட்டில் HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். முப்பத்தைந்து வயது மகனுக்குச் சொன்ன 6.5-ஐ அப்பாவுக்கும் மாட்டிவிடாதீர்கள். மகன்களே, உங்களுக்குத்தான் இது. நல்ல எண்ணத்தில், போனில் இருந்தபடியே அப்பாவின் சோற்றை அளக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறீர்கள்.

எல்லா மாத்திரையும் இந்த வேலையைச் செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். வில்லன்கள் கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று 'கிளை', 'கிளி' வைத்துத் தொடங்கும் அந்தக் குடும்பம், அப்புறம் இன்சுலின். இந்தக் குடும்பம் பிறந்த கதையே சுகர் இறங்கிய கதைதான். 1942-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்பான் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தார். சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தது. பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில். டைஃபாய்டுக்கு ஆகாத அந்தக் குணம்தான் பிறகு சுகருக்கு மருந்தானது. நீங்கள் சாப்பிட்டீர்களா, ஒருசந்தியா என்று அந்த மாத்திரை கேட்பதில்லை. உள்ளே போனால் சர்க்கரையை இறக்கும், அவ்வளவுதான்.

அதுவும் ஒரு நாள் பூராவும் இறக்கும். ஐயா கண் விழித்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடித்தார். பொழுதோட கோவிந்தா போட வேண்டுமாம். நான் விடவில்லை. ராத்திரி பதினொன்றுக்குப் பார்த்தால் மறுபடி 48. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, அதிகம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து வெளியேறாமல் உள்ளேயே சுற்றும். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டார் என்று அழைத்துப்போய், நடுராத்திரியில் திரும்பத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் படுக்கச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வருமானம் பார்க்கிறான் என்று முணுமுணுக்காதீர்கள்.

கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும் என்று புத்தகத்தில் இருப்பது நாற்பது வயதுக்காரர்களுக்கு. எழுபதில் அப்படி ஒழுங்காக வராது. காரணமில்லாத கோபம். சொன்னதையே சொல்வது. சட்டைப் பித்தானை மாற்றிப் போடுவது. குழறல். சிலருக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காமல்கூடப் போகும், பக்கவாதம் என்று ஸ்கேனுக்கு ஓடுவார்கள். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் பொய் சொல்லாது. ஃபேன் ஓடுகிற அறையில், அசந்து தூங்குகிறவர் சட்டை நனைகிறதென்றால் அது தூக்கம் இல்லைங்க அம்மா. எழுப்புங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். புரட்டாசி முடிந்தபின் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கட்டிங் போடுகிற ஐயாமார்களுக்கு இன்னொரு சிக்கல். சாராயமே சர்க்கரையை இறக்கும். 'குடிச்சிட்டுக் கிடக்கறாரு' என்று யாரும் கிட்டேயே போகமாட்டார்கள்.

ஆள் முழிப்பாக இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்துச் சுகர் மிஷினில் பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லை என்றால் மறுபடி அதே அளவு. வந்துவிட்டால் உடனே இட்லியோ சோறோ கொடுக்க வேண்டும், குளுக்கோஸ் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அந்தக் கிளிக் குடும்ப மாத்திரை சாப்பிட்டவர் என்றால் அதற்குப் பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மிஷின் இல்லையா? சந்தேகம் வந்தாலே கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது.

குளுக்கோஸ் பவுடர் என்று சொன்னால் உடனே, “நாட்டுச்சக்கரை நல்லதுங்களே?” என்று கேட்பார்கள். நம்மூர்ப் பெருமை எனக்கும் உண்டு. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. ஆனால் வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, வெல்லம் எதுவுமே அவசரத்துக்கு ஆகாது. சர்க்கரையைக் குடலில் உடைய விடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. குளுக்கோஸ் நேரடியாக ஏறும். டப்பா விலை சொற்பம். சாமி ரூமில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், எல்லார் கண்ணிலும் படும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா, காப்பி, தேன், எதையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், 'சுகர் பேஷண்ட், மயக்கம்' என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் கையால்தான் நிறையப் பேருக்குப் புரை ஏறி நிமோனியா வருகிறது.

அந்த வீட்டில் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மகள் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேஜை நிறைந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த அட்டை ஒரு பக்கம். 2021-இல் ஆரம்பித்த நல்ல திட்டம், நான் குறை சொல்லமாட்டேன். ஈரோட்டில் வேறொரு டாக்டர் எழுதிய அட்டை இன்னொரு பக்கம். இரண்டிலும் இருந்தது அதே கிளைமிபிரைடு, பெயர்தான் வேறு. இவர் பாட்டுக்கு இரண்டையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நாலு மாதமாக. நோம்பி (பண்டிகை) நாளில் இனிப்பு ஒப்புட்டு சாப்பிட்டால் இன்னொன்று சேர்த்து, அதுவும் தானாகவே. அம்மாவைக் கேட்டால், “அவரு மாத்தரய அவருதானுங்க பாத்துக்குவாரு, எனக்கு அந்த நீளமானது, வெள்ளையானதுன்னுதான் தெரியும்.” இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவர் மயங்கினால் டாக்டர் இன்னொருவர்தான். அவருக்கு மாத்திரையின் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா?

பெருமாளுக்கும் எனக்கும் சண்டை இல்லை. என் அம்மாவும் ஒருசந்தி இருப்பவர்தான். காரமடைக்குப் போங்கள், ஒரு பொழுது இருங்கள், தாராளமாக. புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நடை வந்து, சனிக்கிழமை எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதைக் குறைப்பது என்று கேட்டுக்கொண்டு போங்கள். சிலரைப் பார்த்து, 'உங்களுக்கு மட்டும் வேண்டாம், பழமும் பாலுமாக இருங்கள்' என்று சொல்வேன். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் அது வேறு மாதிரியான விபரீதம். விரதம் இல்லாத நாளிலும் இதே கணக்குத்தான். வயிற்றுப்போக்கு, வாந்தி, வாய்க்கசப்பு, ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்து சாப்பாடு தள்ளிப்போவது, எல்லாம் பட்டினிதான். சாப்பாட்டுத் தட்டு எதிரில் வந்த பிறகு மாத்திரையைத் தொடுங்கள், போதும்.

ஞாயிறு பதினோரு மணிக்கு வீடியோவில் வருகிற மகன்களே, 'சாப்பிட்டீங்களாப்பா' என்று கேட்டுவிட்டுப் பேரனைக் காட்டுவதற்கு முன்னால், அந்த மஞ்சள் பையை ஒரு தடவை கேமரா முன்னால் கவிழ்க்கச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்று பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகாது. புரியவில்லை என்றால் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்தே என்னிடமோ உங்கள் ஊர் டாக்டரிடமோ அனுப்புங்கள். ஓ.பி. காலை ஒன்பது மணிக்கு. வெறும் வயிற்றில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டு வரவும், டிபன் டப்பாவோடு.