கை நடுங்குகிறதா? முதலில் மாத்திரை டப்பாவைக் கொண்டு வாருங்கள்

"அப்பாவுக்குக் கை நடுங்குது டாக்டர், பார்க்கின்சனா இருக்குமோ?" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஸ்கேன் இல்லை, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும்தான். பிரஷர், சுகர் மாத்திரைகள் மட்டும் மேஜைக்கு வரும். 'கேஸுக்குப் போடறது' வீட்டிலேயே கிடக்கும். அதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பல சமயம் கோளாறு அதில்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அல்லது ரேபிபிரசோலோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தையும் சேர்த்து ஒரே கேப்சூலாக விற்கிறார்கள். நரம்பு செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனம் இரைப்பையின் அசைவை மந்தமாக்கும். லெவோசல்பிரைடு அதைத் தடுப்பதால் சாப்பிட்டது சீக்கிரம் இறங்கும், உப்புசம் குறையும். சரி, நல்லதுதானே? ஆனால் மூளையில் நம் உடல் அசைவுகளைச் சீராக ஓட்டுவதும் இதே டோபமைன்தான். ஒரு நரம்பு செல்லின் நுனியிலிருந்து வெளிவந்து, மில்லிமீட்டரில் சுமார் 50,000-ல் ஒரு பங்கே உள்ள இடைவெளியைத் தாண்டி, அடுத்த செல்லின் ஏற்பியில் அது போய் உட்கார வேண்டும். மூளைக்குள் நுழையும் லெவோசல்பிரைடு, பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டோபமைன் வந்தும் பயனில்லை.

பார்க்கின்சனில் டோபமைன் சுரக்கும் செல்களே அழிகின்றன. இங்கே அவை நன்றாகத்தான் இருக்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது: சட்டைப் பொத்தான் போடத் திணறுவார், கையெழுத்து சிறுத்துவிடும், நடக்கும்போது கை வீசாது.

மருந்தால் இப்படி ஆவது புதிதும் அல்ல. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்க வைத்து, டோபமைனாக மாறும் எல்-டோபாவால் அவற்றை எழுப்பிக் காட்டினார் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். அது 1957. நோபல் பரிசு 2000-ல் வந்தது.

தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் இந்த வரிசைதான். சில வாரங்களுக்கு எழுதித் தந்த சீட்டை வைத்தே வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். மனநல மருந்துகள் சிலவும் இப்படிச் செய்யும். அவற்றை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிய டாக்டரிடம் பேசுங்கள்.

கேஸ் மாத்திரையை நிறுத்திய மறுநாளே நடுக்கம் போய்விடாது. வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அப்படியும் போகவில்லை என்றால், உள்ளே மெல்ல வளர்ந்துகொண்டிருந்த பார்க்கின்சனை அந்த மாத்திரை முன்கூட்டியே வெளியே காட்டியிருக்கலாம். அப்புறம்தான் அதற்கான சிகிச்சையைப் பேச வேண்டும்.