எந்த அடாப்டர்? ‘தகவி’ என்ற சொல்லைப் பற்றி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவர் கூப்பிட்டார். ஈசூனில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், பழைய மேசைக் கணினி ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வைத்திருக்கிறார், அதில் வைஃபை கிடையாது. “அண்ணே, நீங்க சொன்ன மாதிரி தேக்கா பக்கம் போய் அடாப்டர் வாங்கிட்டேன், ஆனா இதைக் கணினியில எங்க செருகுறதுன்னே தெரியல” என்றார். படம் அனுப்பச் சொன்னேன். பார்த்தால், நம் ஊர் உருண்டைப் பின் பிளக்கை இங்கே சுவரில் இருக்கும் சதுரத் துளையில் மாட்ட உதவுகிற வெள்ளைக் கட்டை. கடைக்காரர் மேல் தவறில்லை, தம்பி மேலும் தவறில்லை. கேட்டது அடாப்டர், கொடுத்தது அடாப்டர். நானாவது “யூஎஸ்பியில் செருகுகிற வைஃபை” என்று முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கிலிருந்து அடாப்டர் என்ற சொல்லும், அதற்குத் தமிழில் வழங்கும் ‘தகவி’யும் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சிங்கப்பூரில் நாம் ‘அடாப்டர்’ என்று குறைந்தது மூன்று பொருளைச் சொல்கிறோம், மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு. முதலாவது, தம்பி வாங்கியது. இங்கே பிரிட்டிஷ் முறை மூன்று சதுரப் பின், ஊரில் உருண்டைப் பின். மின்சாரமோ இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆக அந்த வெள்ளைக் கட்டை மின்சாரத்தை ஒன்றும் செய்வதில்லை, பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றித் தருகிறது. இரண்டாவது, மடிக்கணினியின் ஒயரில் நடுவே தொங்கும் கறுப்புப் பெட்டி. அது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை வாங்கி, 19, 20 வோல்ட் போன்ற நேர்திசை மின்சாரமாக இறக்கிக் கொடுக்கிறது. மூன்றாவதுதான் நாம் பேச வந்தது, வைஃபை அடாப்டர். கணினிக்குள் எண்களாக ஓடும் தரவை வானொலி அலையாக்கி அனுப்பி, வருகிற அலையைத் திரும்பவும் எண்களாக்கித் தரும் விரல் நுனி அளவுச் சாதனம். ஒன்று வடிவத்தை மாற்றுகிறது, ஒன்று மின்சாரத்தை மாற்றுகிறது, ஒன்று குறிகையை (சிக்னலை) மாற்றுகிறது.

சரி, அடாப்டர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வேர் லத்தீன். ‘அட்’ என்றால் ‘நோக்கி’, ‘ஆப்டுஸ்’ என்றால் ‘பொருந்திய’, ‘தக்க’. இரண்டும் சேர்ந்து ‘அடாப்டாரே’, ஒன்றை இன்னொன்றுக்குப் பொருந்தும்படி செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் சாதனத்துக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை இது, ஒரு நாவலை நாடகமேடைக்கு ஏற்றபடி மாற்றி எழுதுபவரையும் இதே சொல்லால் குறிப்பார்கள். ஆளோ பொருளோ, அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: இரண்டு பக்கமும் அப்படியே சேர முடியாதபோது நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றுக்குத் தக்கதாக்குவது.

‘தக்கதாக்குவது’ என்று எழுதும்போதே தமிழ் வேர் கைக்கு வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? ‘தகு’ என்ற அடியிலிருந்து வந்தவைதான் தக்க, தகுந்த, தகுதி, தகவு எல்லாம். ‘தகவு’ நேற்று உண்டாக்கிய சொல்லும் இல்லை. “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்” என்ற 114ஆம் குறளில் தக்கார், தகவிலர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே பேச்சு நடுவுநிலைமை பற்றி, அதாவது மனிதரின் தகுதி பற்றி. பிறகு உயிரியல் பாடநூல்களில் பாலைவனத்துக்கு ஏற்ப ஒட்டகம் உடலமைப்பில் பொருந்தி வாழ்வதைச் சொல்ல இதே தகவை எடுத்து ‘தகவமைப்பு’ என்றார்கள். கணினித் துறைக்கு வந்தபோது அதே வழியில் ‘தகவி’ பிறந்தது. ஆங்கிலத்தில் உயிரியலுக்கும் சாதனத்துக்கும் ஒரே வேர், தமிழிலும் ஒரே வேர். வேர்ப்பொருளும் லத்தீனோடு ஒத்துப்போகிறது. இப்படி அமைவது அரிது, அதனால்தான் இந்தச் சொல் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இலக்கணம் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். மண்வெட்டி, பாக்குவெட்டி, மரங்கொத்தி, இயக்கி, உலாவி என்று ‘இ’ சேர்த்துக் கருவிப் பெயரோ வினை செய்பவர் பெயரோ ஆக்கும்போது முன்னால் இருப்பது வினை. தகவு பெயர்ச்சொல் ஆயிற்றே, அதில் எப்படி ‘இ’ சேரும்? சேரும். நாலு கால் உடையது நாற்காலி, மூன்று கால் உடையது முக்காலி. கால் பெயர்ச்சொல்தான். தகவை உடையது, தகவைத் தருவது தகவி. எனக்கு இதில் உறுத்தல் இல்லை.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. ‘பொருத்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது அந்த வெள்ளைக் கட்டைக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் அது பொருத்துவது மட்டும்தான் செய்கிறது. ‘இணக்கி’ என்று எழுதாதீர்கள், அது மோடத்துக்கு ஏற்கெனவே போய்விட்ட சொல். வீட்டில் மோடமும் அடாப்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழப்பம் நிச்சயம். ‘ஏற்பி’ வாங்கிக்கொள்வதை மட்டும் சொல்கிறது, நம் சாதனமோ வாங்கவும் செய்கிறது, அனுப்பவும் செய்கிறது. ‘மாற்றி’ என்றால் மின்மாற்றி நினைவுக்கு வரும். ஆகவே என் கணக்கு இது: சுவரில் மாட்டுவது பிளக் பொருத்தி, மடிக்கணினியோடு வருவது மின்தகவி, அலையைக் கையாள்வது அருகலைத் தகவி.

அருகலை என்றால் வைஃபை. அருகு, அலை, அவ்வளவுதான். வைஃபை என்பது ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’யின் சுருக்கம் என்று பலர் நம்புகிறார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது 1999இல் ஒரு வணிகப்பெயர் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த பெயர், விரிவு ஒன்றும் கிடையாது. ‘ஹைஃபை’ போல ஒலிக்கட்டும் என்று வைத்தது. அதன் அடியில் இருக்கும் தொழில்நுட்ப நெறிமுறைக்கு உண்மைப் பெயர் 802.11, முதல் பதிப்பு 1997. பொருளே இல்லாத பெயருக்கு நம்மவர்கள் பொருள் உள்ள பெயராக அருகலை என்று வைத்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதே 1997இல்தான் கணினித் தமிழ் பற்றிய தமிழ்நெட் 97 மாநாடும் இங்கே சிங்கப்பூரில் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு இணையம் என்ற சொல் யாருக்காவது அந்நியமாகத் தோன்றுகிறதா? தகவிக்கும் அந்த நாள் வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அடுத்து யூஎஸ்பி. ‘யுனிவர்சல் சீரியல் பஸ்’ என்பதன் சுருக்கம், அதில் உள்ள ‘பி’ பஸ். நாம் ஏறிப்போகும் பஸ்ஸும் அதுவும் ஒன்றே, ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஓம்னிபுஸ்’ஸின் வால். கணினித் தமிழில் இதைப் பாட்டை என்கிறார்கள். பேச்சில் யூஎஸ்பி என்றே இருக்கட்டும், யாரும் குழம்புவதில்லை.

அருகலைத் தகவியை டாங்கிள் என்றும் சொல்வதுண்டு. அந்தச் சொல் 1980களின் தொடக்கத்தில் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுக்காமல் காக்கும் சாவிபோன்ற சாதனத்துக்கு இட்ட பெயர். டான் கால் என்பவர் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கதை சுற்றுகிறது, அது பின்னாளில் ஒரு விளம்பரத்துக்காகக் கட்டியது. நம் சாதனத்துக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது, அது என்ன வேலை செய்கிறது என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

இப்போது தம்பியின் கதைக்கு வருவோம். அடுத்த வாரம் சரியான தகவியை வாங்கிச் செருகினார், வேலை செய்யவில்லை. இங்கேதான் இரண்டாவது சொல் தேவைப்படுகிறது: டிரைவர், தமிழில் இயக்கி. பஸ் ஓட்டுபவர் ஓட்டுநர், கணினியில் ஒரு சாதனத்தோடு பேசத் தெரிந்த நிரல் இயக்கி. வட்டைக் குறிக்கும் டிரைவை இயக்ககம் என்று எழுதுவது நல்ல வழக்கம், இல்லாவிட்டால் இயக்கி எது இயக்ககம் எது என்று தெரியாமல் போகும். தகவி என்கிற பெயருக்கு வெளியே தெரியும் பிளாஸ்டிக் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. உள்ளே இருக்கும் சில்லின் (சிப்பின்) மொழி விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்குப் புரியவேண்டும், அந்தப் பாதி வேலையைச் செய்வது இயக்கி. இரண்டும் சேர்ந்தால்தான் தகவு உண்டாகிறது.

சில தகவிகளைச் செருகியதும் அவை தங்களைக் குறுவட்டு (சிடி) இயக்ககம் என்று அறிமுகம் செய்துகொள்ளும். பயந்துவிடவேண்டாம், அந்தப் பொய்க் குறுவட்டுக்குள்தான் விண்டோஸுக்கான இயக்கி இருக்கிறது, அதைத் திறந்து நிறுவினால் சாதனம் தன் உண்மை வடிவத்துக்கு மாறிவிடும். அப்படி ஒன்றும் வராமல் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு பெயர் தெரியாத சாதனம் என்று நின்றால், அதன் பண்புகளில் வன்பொருள் அடையாள எண்ணைப் பாருங்கள். அதில் தயாரிப்பாளர் எண் 0BDA என்று இருந்தால் உள்ளே இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு. பெட்டியின் மேல் உள்ள மாடல் பெயரை மட்டும் நம்பி இயக்கி இறக்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சில்லும் இரண்டாம் பதிப்பில் வேறு சில்லும் வருவது சகஜம். சாதனத்தின் ஒட்டுச்சீட்டில் பதிப்பு எண் பொடி எழுத்தில் இருக்கும். லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே சில்லின் பெயரைத் தேடிவிடுவது நல்லது, மீடியாடெக் நிறுவனத்தின் சில்லுகள் பலவற்றுக்கு இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள்ளேயே இயக்கி உண்டு, செருகினால் போதும்.

இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர இயக்கி வேண்டும். தம்பி இந்த இடத்தில்தான் இரண்டு நாள் நின்றுவிட்டார். வழி எளிது: ஆண்ட்ராய்டு கைபேசியை அதன் சார்ஜிங் ஒயரால் கணினியில் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணினிக்குக் கைபேசியே சற்று நேரம் தகவியாகிவிடும். (ஆமாம், அதுவும் தகவிதான். சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இதெல்லாம் தானே விளங்கும்.)

அப்புறம் வேகம். அவர் அறையில் தொடர்பு கிடைத்தது, ஆனால் விட்டுவிட்டு வந்தது. நம் அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்வீடு எல்லாருடைய அலையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம் என்பதையும் நினைவில் வையுங்கள், அதுவும் வீட்டுக்குள்ளேயே தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சுக்கான பாதுகாப்பறை) இருந்தால், அதற்குள் ரௌட்டரை வைப்பது அலையைப் பெட்டியில் பூட்டுவதுபோல. இன்னொன்று, யூஎஸ்பி 2.0 தகவி என்றால் கோட்பாட்டு உச்சமே நொடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் அதற்கும் குறைவு. வீட்டுக்கு 1 கிகாபிட் இணைப்பு எடுத்திருந்தாலும் அந்தத் துளை வழியாக அது முழுசாக வராது. சரி, 3.0 வாங்கினால் தீர்ந்ததா என்றால், 3.0 சாதனங்களும் ஒயர்களும் தாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். தகவி கணினியின் முதுகில் மற்ற ஒயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இதுவே தொடர்பு அறுவதற்குக் காரணமாகலாம்.

தம்பிக்கு ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கச் சொன்னேன். தகவியைக் கணினியின் பின்பக்கத்திலிருந்து எடுத்து மேசை மேல், கதவைப் பார்த்தபடி வைத்தார். இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது: “அண்ணே, தகவி புடிச்சுக்கிச்சு. அம்மாகிட்ட வீடியோவுல பேசிட்டு இருக்கேன்.”